சின்ன மோட்டார் படகில் துடுப்பை எங்கே வைப்பது?

"12 அடி படகுக்கு அவுட்போர்டு மோட்டார் மாட்டியாச்சு, இனி துடுப்பு எதுக்கு? சும்மா காலை இடறுது"ன்னு கேட்டிருக்கீங்க. துடுப்பு கட்டாயம் வேணுங்க. இடறாத மாதிரி வைக்க வழி இருக்கு.

நமக்கு பவானிசாகர் பக்கம். அணையில தண்ணி ரொம்ப இறங்கினா டணாயக்கன் கோட்டைக் கோயிலே வெளிய தெரியும். கண்ணுக்குத் தெரியற கல்லால தொந்தரவில்லை. தண்ணிக்கு ஒரு முழம் கீழே கிடக்கற கல்லும் மரக்கட்டையும்தான் விசிறியில அடிக்கும். பல சின்ன மோட்டார்ல அப்போ ஷியர் பின், அதாவது விசிறியைத் தண்டோட பிணைக்கிற சின்ன ஊசி, ஒடிஞ்சுரும். கியர் உடையாம இருக்கத்தான் அதை வச்சிருக்காங்க. மோட்டார் உறுமும், படகு நகராது. வலையோ ஆகாயத்தாமரையோ சுத்திக்கிட்டாலும் நின்ன இடத்துலயே நிக்கணும், ஆடிக் காத்துல அதுவும் முடியாது. கையாலயே தண்ணியத் தள்ளிக் கரை சேர்ந்துக்கலாம்னு நினைச்சுறாதீங்க. பவானிசாகர், அமராவதி ரெண்டு அணையிலயும் முதலை இருக்கு.

இடத்துக்கு வருவோம். மோட்டார் பிடியில ஒரு கை இருக்கும்போதே, எந்திரிக்காம, இன்னொரு கையால துடுப்பை உருவ முடியணும். சின்னப் படகுல பதட்டத்துல எந்திரிச்சா ஒரு பக்கம் சாயும். அதனால உட்காரும் பலகைக்கு அடியில, பெட்ரோல் டேங்குக்கும் வலை மூட்டைக்கும் கீழே சொருகற வேலையே வேண்டாம். படகோட உள்பக்கம், விளிம்புக்குக் கீழே ரெண்டு கொக்கி அடிச்சு, பழைய சைக்கிள் டியூபை வெட்டி வளையமா மாட்டுங்க. அலகு முன்னால பார்க்க, பிடி உங்க பக்கம். கயிறு கட்டியே ஆகணும்னா ஒரு இழுப்புல அவுற முடிச்சாப் போடுங்க. கடையில விக்கற மடக்குத் துடுப்பு எனக்குப் பிடிக்காது. மூட்டுல மணல் ஏறிட்டா நீட்டறதுக்குள்ள படகு எங்கியோ போயிரும்.

ஒத்தைத் துடுப்புல பின்னாடி உட்கார்ந்து தள்ளினா படகு சுத்தும். மோட்டாரை மேலே தூக்கி விட்டுட்டு, முன்னால போய் மண்டி போட்டு, பரிசல்காரர் மாதிரி தண்ணியை உங்க பக்கம் இழுங்க. மெதுவாத்தான் போகும், ஆனா நேராப் போகும்.

வீட்டுக்கு வந்ததும் மரத்துடுப்பைச் சுவத்துல சாய்க்காம படுக்கையாத் தொங்க விடுங்க. சாய்ச்சு வச்சா வளையும், மண்ணுல நட்டா கரையான் ஏறும். வார்னிஷ் தேயறது முதல்ல அலகு நுனியிலதான், அங்க அப்பப்ப பூசிருங்க. பிளாஸ்டிக் அலகுன்னா வெயில்ல போடாதீங்க, மொடமொடன்னு ஆகிப் பொட்டுனு உடையும்.