எந்தப் பெட்டி சிறந்தது? மாணவர்கள் முடிவெடுக்கக் கற்பது எப்படி?

கேள்வி: சிங்கப்பூரில் உயர்நிலை 1 மாணவர்களுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். ஐஸ்கட்டி சீக்கிரம் உருகாத பெட்டி ஒன்றைக் குழுக்களாகச் செய்யச் சொன்னேன். ஆர்வமாகச் செய்தார்கள். ஆனால் “எது சிறந்தது?” என்று கேட்டால் அழகான பெட்டிக்கோ நண்பன் செய்த பெட்டிக்கோ கைதூக்குகிறார்கள். மதிப்பிடக் கற்றுக்கொடுப்பது எப்படி?

பதில்: பிள்ளைகள் மேல் தவறில்லை. எதில் சிறந்தது என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லையே! அட்டையில் கத்தரிக்கோல் படுவதற்கு முன்பே அதைப் பேசி, பலகையில் எழுதிவிடுங்கள்.

முதலில் கட்டுப்பாடுகள். செலவு 3 வெள்ளியைத் தாண்டக்கூடாது, பெட்டி புத்தகப்பைக்குள் அடங்கவேண்டும் என்பது போன்றவை. இவற்றில் ஒன்றை மீறினாலும் அந்தப் பெட்டி போட்டியில் இல்லை, அவ்வளவுதான். எவ்வளவு குளிர் காக்கிறது, எவ்வளவு இலேசாக இருக்கிறது என்பவை வேறு வகை. அவை மதிப்பெண் தரக்கூடிய அளவுகோல்கள். மாணவர்கள் கட்டுப்பாட்டையும் அளவுகோலையும்தான் அதிகம் குழப்பிக்கொள்வார்கள்.

அப்புறம் சோதனை. எல்லாப் பெட்டியிலும் 50 கிராம் ஐஸ், ஒரே மேசை, 30 நிமிடம். உருகிய நீரைத் தராசில் நிறுக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே எதுவும் சுற்றாத வெறும் பிளாஸ்டிக் குவளை ஒன்றிலும் அதே அளவு ஐஸ் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் பெட்டியில் சுற்றிய செய்தித்தாளும் அலுமினியத் தாளும் உண்மையில் எவ்வளவு உதவின என்று யாருக்கும் தெரியாது. மூன்று முறையாவது செய்யுங்கள். ஏர்கான் வகுப்பறையில் ஒருமுறை, கேண்டீனில் ஒருமுறை என்று கலந்துவிடாதீர்கள்.

மிக முக்கியமானது அளவுகோல்களுக்கு எடை கொடுப்பது, அதாவது எது எவ்வளவு முக்கியம் என்று எண்ணால் சொல்வது. முதல் பெட்டிக்குக் குளிர் காப்பதில் 5, இலேசாக இருப்பதில் 2; இரண்டாவதற்கு 3, 5 என்று வைத்துக்கொள்வோம். வெறுமனே கூட்டினால் 7, 8, இரண்டாவது வெல்கிறது. குளிர் காப்பதற்கு மும்மடங்கு எடை கொடுத்தால் 17, 14, முதலாவது வெல்கிறது. வகுப்பில் சத்தம் கிளம்பும், கிளம்பட்டும். யாருக்காக இந்தப் பெட்டி என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. மீன் விற்பவருக்கு ஒரு விடை, பள்ளிக்குச் சுமந்து செல்லும் பிள்ளைக்கு வேறு விடை. எடையைச் சோதனைக்கு முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். முடிவு தெரிந்தபின் கேட்டால், தங்கள் பெட்டி ஜெயிக்கும்படி மாற்றிவிடுவார்கள்.

நேரமிருந்தால் சிங்கப்பூரில் 2008இல் திறக்கப்பட்ட மரீனா அணைக்கட்டைப் பற்றிப் பேசுங்கள். குடிநீர், வெள்ளத்தடுப்பு, பொழுதுபோக்கு என்று ஒரே கட்டுமானத்துக்கு மூன்று அளவுகோல்கள். கனமழையின்போது கடல் தாழ்ந்திருந்தால் மதகு திறக்கும், உயர்ந்திருந்தால் பம்புகள் நீரை வெளியேற்றும். பம்பு இல்லையென்றால் எந்த அளவுகோல் அடிபடும் என்று கேளுங்கள்.

முதலிடம் அறிவித்ததோடு பாடத்தை முடிக்காதீர்கள். தோற்ற பெட்டியிலிருந்து உன் பெட்டிக்கு எதை எடுத்துக்கொள்வாய் என்று ஒவ்வொரு குழுவிடமும் கேட்டு, அடுத்த வாரம் அதைச் செய்துபார்க்க அரை மணிநேரம் கொடுங்கள்.