எஸ்தெபானின் மரணம் – கடிதம்

ஐயா,

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு வட அமெரிக்காவில் நடந்த அடிமை எஸ்தெபானைப் பெரிய பயணியாகக் காட்டிய உங்கள் கட்டுரைக்குப் பிறகு, அந்தப் பயணத்தில் அவரோடு இருந்த ஸ்பானியர் கபேசா டி வாக்காவின் நூலைத் தேடிப் படித்தேன். அதில் எஸ்தெபான் சில இடங்களில்தான் வருகிறார். பெண்களையும் நீலக்கற்களையும் கேட்டதால் இன்றைய நியூ மெக்சிகோவின் பழங்குடிகளான ஸூனி மக்கள் அவரைக் கொன்றார்கள் என்று ஸ்பானியப் படைவீரர் காஸ்டன்யேடா எழுதுகிறார். அப்படிப்பட்ட ஓர் அடிமையைப் பெரிய பயணியாகக் காட்டுவது இன்றைய அரசியலைப் பழைய ஏட்டில் ஏற்றுவதாகாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில இடங்கள்தான், சரி. ஆனால் எந்த இடங்கள் என்று பாருங்கள். 1528-இல் அந்த ஸ்பானியப் படையெடுப்பில் புளோரிடாவில் இறங்கி உள்நாட்டுக்குள் போனவர்கள் ஏறக்குறைய 300 பேர். 1536-இல் மெக்சிகோவின் மேற்குப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் நால்வர். அவர்களில் ஒருவர் மொராக்கோவின் அசெம்மூரில் பிறந்த எஸ்தெபான். தங்கள் கௌரவம் குறையாதிருக்க ஸ்பானியர்கள் மூவரும் ஊர்மக்களிடம் அதிகம் பேசவில்லை, வழியையும் ஊர்களையும் விசாரித்ததெல்லாம் அந்தக் கறுப்பர்தான் என்று கபேசா டி வாக்காவே எழுதுகிறார். அரசரின் தயவை எதிர்பார்த்து எழுதியவர் அவர். ஓர் அடிமையைப் புகழ்வதில் அவருக்கு எந்த லாபமும் இல்லை. அதனாலேயே அந்த வரியை நான் முழுதாக நம்புகிறேன்.

அப்புறம் அந்த மரணம். 1539-இல் ஸூனி ஊரான ஹாவிக்கூவில் நடந்ததைக் கண்ணால் பார்த்து எழுதியவர் யாருமில்லை. காஸ்டன்யேடா அடுத்த ஆண்டு ஸ்பானியத் தளபதி கொரோனாடோவின் படையோடு அங்கே போனவர், எழுதியதோ இருபது ஆண்டுகள் கழித்து. அவரும் முதலில் சொல்வது வேறு காரணம்: வெள்ளையர்கள் தன்னை அனுப்பியதாக ஒரு கறுப்பர் சொன்னது பெரியவர்களுக்கு நம்பும்படி இல்லை, ஒற்றன் என்று சந்தேகித்தார்கள். பெண்களும் கற்களும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. கொரோனாடோவுக்குத் துணையாகக் கப்பலில் போன அலார்கோன் கொலராடோ ஆற்றங்கரை மக்களிடம் கேட்டதும் இதை ஒட்டியே இருக்கிறது. தன் சகோதரர்கள் எண்ணற்றவர்கள், ஆயுதமுள்ளவர்கள் என்று எஸ்தெபான் சொன்னாராம். தாங்கள் இருக்கும் இடத்தை அவர்களிடம் சொல்லிவிடுவார் என்றே கொன்றார்களாம்.

கொரோனாடோவின் கடிதத்தையும் படியுங்கள். கிறிஸ்தவர்கள் பெண்களைக் கொல்வதே இல்லை, இவன் கொன்றான், அதனால்தான் அவனைக் கொன்றோம் என்று ஊர்மக்கள் சொன்னதாக வைஸ்ராய்க்கு எழுதுகிறார். அதே ஹாவிக்கூவைத் தாக்கிப் பிடித்த சில வாரங்களில் எழுதிய கடிதம் அது. பழியை இறந்தவர்மேல் போட்டு, தன் படைக்கு நற்சான்றும் தேடிக்கொள்கிறது. அதை ஸூனி மக்களின் வாக்குமூலமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியாது.

எஸ்தெபான் யாரிடமும் தவறாக நடந்திருக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் சொந்த விருப்பத்தில் அங்கே போகவுமில்லை, வைஸ்ராயின் உத்தரவுப்படி ஒரு பாதிரியாருக்கு வழிகாட்டியாக அனுப்பப்பட்டார். பின்னால் படை வரும் என்று அந்தப் பெரியவர்கள் பயந்திருந்தால், 1540 ஜூலையில் அது அப்படியே நடந்தது. அந்தப் பயத்தை விட்டுவிட்டு பெண்ணாசையை மட்டும் காரணமாகச் சொல்ல நான் தயாராக இல்லை.