தேக்கு, ஈட்டி, ரப்பர் மரம்: ஒரே கூடத்தில் சேருமா?

கேள்வி: எங்கள் வீட்டு நிலை, கதவு எல்லாம் தேக்கு. தாத்தா காலத்து ஈட்டி அலமாரி ஒன்று இருக்கிறது. இப்போது ரப்பர் மரச் சாப்பாட்டு மேஜை வாங்கினோம். மூன்றும் மூன்று நிறம். எல்லாவற்றையும் ஒரே கலரில் பாலிஷ் அடித்துவிடலாம் என்கிறார் ஆசாரி. செய்யலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். மூன்று நிறம் இருப்பது குறையே இல்லை. ஒன்றைப் போலவே இன்னொன்றை ஆக்கப் பார்த்து, அரை ஷேடு தவறிப்போனால்தான் கண்ணை உறுத்தும்.

ஈட்டியின் கருஞ்சிவப்பும் அதில் ஓடும் கருவரிகளும் எந்த ஸ்டெயினிலும் (மரத்துக்கு நிறமேற்றும் பூச்சு) வராது. அந்த அலமாரியை இழைக்க விடாதீர்கள். பழைய பாலிஷ் மங்கியிருந்தால், பின்பக்க மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். மேலே மெல்லிசாக அரக்கு பாலிஷே இரண்டு கை ஓட்டினால் போதும், சுரண்ட வேண்டியதில்லை.

ரப்பர் மர மேஜையில் வேறு சிக்கல். அது சிறு துண்டுகளை ஒட்டிச் செய்த பலகை. அடர்ந்த ஸ்டெயின் பூசினால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவு குடிக்கும். ஒட்டுப்போட்ட இடமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். கம்பெனி பாலிஷை முழுக்கத் தேய்த்து எடுக்காமல் பூசினாலோ, நிறம் உள்ளே இறங்காமல் திட்டுத் திட்டாக நிற்கும். வெளிர் நிறத்திலேயே விடுங்கள். சிவப்பு ஆத்தங்குடித் தரை என்றால் அது எடுப்பாகவே இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு நிறமும் கூடத்தில் இரண்டு இடத்திலாவது தெரியட்டும். மேஜையின் நிறத்தில் எதிர்ச்சுவரில் ஒரு சிறு ஷெல்ஃப், அலமாரியின் நிறத்தில் இரண்டு போட்டோ பிரேம். அலமாரியைத் தேக்குக் கதவுக்கு ஒட்டினாற்போல் வைக்காமல், நடுவில் 2 அடியாவது வெள்ளைச் சுவர் விடுங்கள். நான்காவதாக ஒரு மர நிறம், அது மைக்காவாக இருந்தாலும், உள்ளே வரவேண்டாம்.

கேள்வி: தேக்குக் கட்டில் புதிதாகச் செய்தோம். பழைய தேக்குக் கதவின் நிறத்துக்கு வரவில்லை. மரத்தில் ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், மதுரை

பதில்: நிறத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. புதிதாக அறுத்த தேக்கில் வெளிர் மஞ்சளும் கரும்பட்டைகளும் கலந்தே இருக்கும். வெளிச்சம் படப்பட எல்லாம் ஒன்றுசேர்ந்து பொன்பழுப்பாகும். ஆறு மாதமாவது பொறுங்கள். அதுவரை தலைமாட்டுப் பலகையில் துணி போட்டு மூடாதீர்கள், மூடின இடம் மட்டும் வெளுப்பாக நிற்கும்.

அதன் பிறகும் ஸ்டெயின் வேண்டுமென்றால், அதே மரத்தின் மிச்சத் துண்டு ஒன்றை 180, பிறகு 220 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். தேக்கில் எண்ணெய் உண்டு, தின்னரால் துடைத்தால்தான் பாலிஷ் பிடிக்கும். அந்தத் துண்டில் ஸ்டெயின் மேல் பாலிஷும் அடித்துக் காய்ந்த பிறகே கதவோடு ஒப்பிடுங்கள். பாலிஷ் ஏறினால் நிறம் இன்னும் அடர்ந்துவிடும். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, இரவில் அந்த அறை விளக்கில் ஒருமுறை பாருங்கள். மஞ்சள் எல்இடியில் சேர்ந்த நிறம் வெள்ளை எல்இடியில் சேராமல் போகலாம்.