சனிக்கிழமை ஃப்ளை-இன்: கேட்டவர்களுக்குப் பதில்

விஸ்கான்சின், இல்லினாய் பக்கம் குளிர் விலகினால் போதும், சின்னச் சின்ன விமானத்தளங்களில் சனிக்கிழமை காலைகளில் ஃப்ளை-இன் தொடங்கிவிடும். தாங்களே கட்டிய விமானங்களில் பறந்து வந்து கூடுகிறவர்களின் சந்திப்பு அது. பெரும்பாலும் இ.ஏ.ஏ என்ற பரிசோதனை விமானச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகள்தான் நடத்தும். எங்கள் கிளையின் சந்திப்பு நெருங்குவதால் நம் ஆட்கள் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இது ஏர்ஷோ மாதிரியா? டிக்கெட் உண்டா? எத்தனை மணிக்கு வரலாம்?

ஏர்ஷோ இல்லை. குட்டிக்கரணம், புகை, ஒலிபெருக்கி எதையும் எதிர்பார்க்காதீர்கள். விமானம் இறங்கும், புல்லில் நிறுத்துவார்கள், கட்டியவர் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். நீங்கள் போய்ப் பேசலாம், அதுதான் நிகழ்ச்சி. டிக்கெட் கிடையாது. பான்கேக்கும் காபியும் தருவார்கள், உண்டியலில் முடிந்ததைப் போட்டால் சரி. சைவம் என்றால் பான்கேக் மட்டும்தான், காரம் வேண்டுமானால் கையோடு கொண்டு வாருங்கள்.

எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். பதினொன்றுக்கு வந்து "ஒன்றையும் காணோமே" என்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. வெயில் ஏறினால் தரை சூடாகிக் காற்று மேலே கிளம்பும். சின்ன விமானம் அதில் குலுங்கும். மதியத்துக்கு மேல் இடிமழை வேறு வரலாம். அதனால் பாதிப்பேர் காலையிலேயே திரும்பிவிடுவார்கள்.

கேள்வி: வீட்டில் கட்டிய விமானத்தைப் பறக்கவிட அரசாங்கம் எப்படி விடுகிறது?

கட்டும் வேலையில் பாதிக்கு மேல், படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தனியாட்கள் செய்திருக்க வேண்டும். 51 சதவீத விதி என்பது பேச்சு வழக்கு. கட்டும்போது எடுத்த படங்களும் குறிப்பேடும்தான் சாட்சி. முடிந்ததும் எஃப்.ஏ.ஏ என்ற அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அதிகாரியோ அதன் அனுமதி பெற்றவரோ வந்து பார்த்துச் சான்று தருவார். அப்புறமும் உடனே ஊர் சுற்ற முடியாது. பயணிகள் இல்லாமல், குறித்துக் கொடுத்த பகுதிக்குள் சோதனையாகப் பறக்க வேண்டும். சான்று பெற்ற எஞ்சின், புரொப்பல்லர் (சுழல்விசிறி) ஜோடி என்றால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40. மணிக்கணக்குக்குப் பதிலாகப் பட்டியலிட்ட சோதனைகளை முடிக்கும் வழியும் இப்போது உண்டு.

கட்டியவருக்கு ஒரு சலுகை. அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் பழுதுபார்ப்பவர் சான்றிதழ் வாங்கி, வருடாந்தரச் சோதனையைத் தானே செய்து கையெழுத்திடலாம். அவரிடமிருந்து வாங்குகிறவருக்கு அந்த உரிமை தானாகப் போகாது. பழைய விமானம் மலிவாகக் கிடைக்கிறதென்று பாய்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: அண்ணா, பிள்ளைகளுக்கு 9, 13 வயது. கூட்டி வரலாமா? ஏற்றிக்கொண்டு பறப்பார்களா?

தாராளமாகக் கூட்டி வாங்கம்மா. 8 முதல் 17 வயது வரையானவர்களை இலவசமாக ஏற்றிப் பறக்கும் 'யங் ஈகிள்ஸ்' திட்டத்தை இ.ஏ.ஏ 1992 முதல் நடத்துகிறது. 20 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் பறந்திருக்கிறார்கள். பெற்றோர் கையெழுத்து கட்டாயம். எல்லாச் சந்திப்பிலும் இருக்காது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கட்டிய விமானம் என்றால் உள்ளே ஓர் எச்சரிக்கைப் பலகை இருக்கும். இது தொழிற்சாலை விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளின்படி கட்டப்பட்டதல்ல என்று அதில் எழுதியிருப்பார்கள். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் பயப்படுவது வானத்துக்கு அல்ல, தரையில் நிற்கும் புரொப்பல்லருக்கு. ஓடாமல் நின்றாலும் அது உயிரோடு இருப்பதாகவே நினைக்க வேண்டும். இந்த எஞ்சின்களில் தீப்பொறி தருவது மேக்னெட்டோ. அதற்கு பேட்டரி வேண்டாம், சுழன்றாலே மின்சாரம் உண்டாக்கும். சாவியைத் திருப்பி அணைப்பது என்றால், ஒரு கம்பி வழியாக மேக்னெட்டோவைத் தரையிணைப்பது (எர்த் செய்வது), அவ்வளவுதான். அந்தக் கம்பி உள்ளே அறுந்திருந்தால் மேக்னெட்டோ அணையாது, வெளியேயும் தெரியாது. பிள்ளை விளையாட்டாகப் புரொப்பல்லரைத் தள்ளினால், மிச்ச எரிபொருளில் எஞ்சின் ஒரு சுற்று உதைக்கலாம். கை போக ஒரு சுற்று போதும். ஆகவே அதன் சுற்றுவட்டத்துக்குள் யாரும் நிற்கவே கூடாது, செல்ஃபிக்குக்கூட.

இன்னொன்று: சில விமானங்களின் தோல் வெறும் துணி, மேலே பூச்சு. விரலால் குத்திப் பார்க்காமல் இருக்கச் சொல்லுங்கள். கேட்டால் பலரும் உள்ளே உட்காரவே விடுவார்கள்.

கேள்வி: சார், நான் மாணவ பைலட். செஸ்னா 172-இல் தனியாகப் பறந்து வரலாமா?

பயிற்றுநரோடு வாங்க தம்பி. அவர் கையெழுத்துப் போட்டுத் தனியாக அனுப்பச் சம்மதித்தாலும் என் பதில் இதுதான்.

நம் தளத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. எல்லோரும் ஒரே அலைவரிசையில் தாங்களே இருப்பிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். அதே அலைவரிசையைப் பக்கத்து ஊர்த் தளங்களும் பயன்படுத்தும். ஆகவே தளத்தின் பெயரை ஒவ்வொரு அறிவிப்பின் முதலிலும் கடைசியிலும் சொல்லுங்கள். டவுன்விண்டில் (ஓடுதளத்துக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பகுதி) 45 டிகிரிக் கோணத்தில், தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில் சேருங்கள். நேரே ஃபைனலுக்கு (ஓடுதளத்தை நோக்கிய கடைசி நேர்க்கோட்டுக்கு) வந்து நுழையாதீர்கள். பின்னால் ஆர்.வி-8 என்ற விமானம் வேகமாக நெருங்கும், முன்னால் பீட்டன்போல் என்ற பழைய பாணி மர விமானம் மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். இடைவெளி குறைந்தால் யோசிக்காமல் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மேலேறி மறுபடி சுற்றி வாருங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். இறங்கியதும் ஓடுதளத்தின் நடுவில் நிற்காதீர்கள், கடைசி வரை உருண்டுபோய்த் திரும்புங்கள். எங்கே நிறுத்துவது என்று மஞ்சள் சட்டைக்காரர் கை காட்டுவார். நிறுத்திய விமானத்தைத் தரையோடு பிணைக்கும் கயிற்றை நீங்கள்தான் கொண்டு வர வேண்டும்.

இதற்கே மலைத்தால் விஸ்கான்சினில் உள்ள ஆஷ்காஷ் ஊரை நினைத்துப் பாருங்கள். ஜூலைக் கடைசியில் அங்கு நடக்கும் இ.ஏ.ஏ மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கில் விமானங்கள் வரும். ரிப்பன் என்ற ஊரிலிருந்து ஃபிஸ்க் வரை ரயில்பாதைக்கு மேலே, 1,800 அடியில், 90 நாட் (மணிக்குச் சுமார் 167 கி.மீ) வேகத்தில் ஒற்றை வரிசை. பைலட் வாய் திறக்கக் கூடாது. கீழே நிற்கும் கட்டுப்பாட்டாளர் நிறத்தையும் வடிவத்தையும் சொல்லிக் கூப்பிடுவார், நீங்கள் இறக்கையை ஆட்ட வேண்டும். அதுதான் பதில். ஓடுதளத்தில் வண்ணப் புள்ளிகள் வரைந்திருக்கும். "பச்சைப் புள்ளியில் இறங்கு" என்றால் அங்கேதான் இறங்க வேண்டும், ஏனென்றால் அடுத்த புள்ளியில் இன்னொருவர் இறங்கிக்கொண்டிருப்பார். 1953-இல் மில்வாக்கியில் பால் போபரெஸ்னி தொடங்கிய சங்கத்தின் சின்னக் கூட்டம்தான் 1970-இல் ஆஷ்காஷுக்குப் போய் இப்படி வளர்ந்தது.

கேள்வி: எந்த விமானத்தைத் தவறவிடக் கூடாது?

லாங்-இஸி வந்தால் அது. மூக்கைத் தரையில் ஊன்றி மண்டியிட்டு நிற்கும், விழுந்துவிட்டது என்று ஓடாதீர்கள். எஞ்சின் பின்னால் இருப்பதால், ஆள் இறங்கியதும் பின்பக்கம் சாய்ந்துவிடும். அதனால் முன்சக்கரத்தை மடக்கி நிறுத்துகிறார்கள். வடிவமைத்தவர் பர்ட் ரூட்டன். நுரைக்கட்டியைச் சூடான கம்பியால் இறக்கை வடிவில் அறுத்து, மேலே கண்ணாடி இழையும் எபாக்சியும் போர்த்திக் கட்டுவார்கள். 1986-இல் எங்கும் நிற்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜரும் அவர் வடிவமைத்ததுதான்.

பீட்டன்போல் ஏர் கேம்பர் 1920-களின் கடைசியில் வந்த மர விமானம். ஃபோர்டு மாடல்-ஏ கார் எஞ்சின் போட்டது கிடைத்தால் நின்று பாருங்கள். ரேடியேட்டர் கண்ணுக்கு நேரே துருத்திக்கொண்டிருக்கும்.

கேள்வி: நானும் ஒன்று கட்ட ஆசை. எச்-1பி விசாவில் இருக்கிறேன். எவ்வளவு ஆகும்?

முதலில் கசப்பான சேதி. இங்கே தனிநபர் பெயரில் விமானம் பதிவு செய்யக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். பைலட் பயிற்சிக்கும் டி.எஸ்.ஏ என்ற போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் பின்னணிச் சோதனை உண்டு. அதனால் பயிற்சியை இப்போதே தொடங்கலாம், பதிவு காத்திருக்கும்.

பணம்: ஆரிகனில் உள்ள வேன்ஸ் நிறுவனத்தின் இருவர் அமரும் ஆர்.வி விமானத்தின் கிட் (நாமே சேர்த்துக் கட்டும் பாகங்களின் தொகுப்பு), எஞ்சின், மின்னணுக் கருவிகள் எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சம் டாலரை எளிதாகத் தாண்டும். அவர்கள் கிட்டில் கட்டிய 11,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் பறந்துவிட்டதால், எந்த மூலையில் சிக்கினாலும் சொல்லித்தர ஆள் உண்டு. நேரம்: 1,500, 2,000 மணி என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வால்பகுதி கிட்டை மட்டும் முதலில் வாங்குங்கள். தகடுகளை இணைக்க ரிவெட் (உலோக ஆணி) அடிக்கும் சத்தத்தை வீடும் அக்கம்பக்கமும் பொறுக்குமா என்று அதிலேயே தெரிந்துவிடும். எஞ்சினை ஆசைப்பட்டு முன்கூட்டி வாங்காதீர்கள், பெட்டியிலேயே துருப்பிடிக்கும். கிளையின் தொழில்நுட்ப ஆலோசகர்கள் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். மூடுவதற்கு முன்பே இறக்கையின் உட்புறத்தைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், ஆபத்தா?

தொழிற்சாலை விமானங்களைவிட விபத்து விகிதம் அதிகம். எஞ்சின் நின்றுபோவதும், பைலட் கட்டுப்பாட்டை இழப்பதும் முக்கியக் காரணங்கள். கட்டி முடித்த ஆரம்ப மணிநேரங்களும், இரண்டாம் கையாக வாங்கியவரின் முதல் பறப்பும்தான் மோசமான கட்டங்கள். பல வருடம் கொட்டகையில் ரிவெட் அடித்தவர் அந்த வருடங்களில் பறக்கவே இல்லை என்பதும் ஒரு காரணம். சோதனைக் காலத்தில் தகுதியுள்ள இரண்டாவது பைலட் ஒருவரை ஏற்றிக்கொள்ள 2014 முதல் அனுமதி உண்டு. தனியாகத்தான் பறப்பேன் என்று அடம்பிடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

கேள்வி: டிரோன் கொண்டு வரலாமா? நாய்?

டிரோன் கூடவே கூடாது. நாயை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் நல்லது.

கேள்வி: மழை வந்தால்?

மேகம் தாழ்ந்திருந்தால் யாரும் பறந்து வர மாட்டார்கள், காரில் வருவார்கள். பான்கேக் உண்டு. ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) ஒருவர் ஆர்.வி-10 இறக்கை கட்டிக்கொண்டிருக்கிறார். தகடு முழுக்கச் தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் செம்பு நிறக் கிளீக்கோ பிடிப்பான்கள் குத்தி நிற்கும். பிள்ளைகள் கையில் இடுக்கியைக் கொடுத்து ஒன்றிரண்டைக் கழற்றச் சொல்வார்.