‘கொழுப்பு 30% குறைவு’ சிப்ஸ்: எண்ணெய் எங்கே போகிறது?

கேள்வி: ‘கொழுப்பு 30% குறைவு’ என்று அச்சிட்ட உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கினேன். உட்பொருள் பட்டியலில் உலர்ந்த உருளைக்கிழங்கு, ஸ்டார்ச், மால்டோடெக்ஸ்ட்ரின், லெசித்தின் என்று இருக்கிறது. எண்ணெயை எப்படிக் குறைக்கிறார்கள்? இவையெல்லாம் எதற்கு? எடை குறைக்க நினைப்பவர் சாப்பிடலாமா?

பதில்: பட்டியலின் முதல் சொல்லைப் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. ‘உருளைக்கிழங்கு’ என்று தொடங்கினால் கிழங்கைச் சீவி வறுத்திருக்கிறார்கள். ‘உலர்ந்த உருளைக்கிழங்கு’ என்று தொடங்கினால் மாவு பிசைந்து, தகடாக உருட்டி, வெட்டியிருக்கிறார்கள். நீங்கள் வாங்கியது இரண்டாவது வகை.

முதல் வகையில் எண்ணெய் ஏறும் விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பச்சைக் கிழங்கில் ஏறக்குறைய 80% தண்ணீர். 170–180 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் போட்ட இரண்டு மூன்று நிமிடங்களில் அது ஆவியாகி, 2% அளவே மிஞ்சும். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே அதிகம் நுழையாது. வறுவலை வெளியே எடுத்து ஆறவிடும்போதுதான் பெரும்பகுதி ஏறுகிறது. உள்ளே மிஞ்சிய ஆவி குளிர்ந்து நீராகச் சுருங்க, அந்த வெற்றிடம் மேற்பரப்பில் ஒட்டிய எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. அதனால் எடுத்த சில விநாடிகளுக்குள், சூடு ஆறுமுன், மிகைச்சூடேற்றிய நீராவியை ஊதி எண்ணெயை அகற்றுகிறார்கள், அல்லது வேகமாகச் சுழற்றி வடிக்கிறார்கள். தாமதித்தால் பயனில்லை. சுழற்சி அதிகமானால் சிப்ஸ் நொறுங்கிப்போகும்.

குறைந்த அழுத்தத்தில், சுமார் 120 டிகிரியில் வறுக்கும் முறையும் உண்டு. அதில் அழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருமுன்பே சுழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் திரும்பும் காற்றழுத்தமே எண்ணெயை உள்ளே அழுத்திவிடும். நீர் குறைந்த, மாவு நிறைந்த கிழங்கைத் தேர்ந்தெடுப்பதும், சற்றுத் தடிமனாகச் சீவுவதும் எண்ணெயைக் குறைக்கும். தடிமன் மீறினால் ஓரம் கருகும், நடுப்பகுதி மொறுமொறுப்பாகாது.

இனி உங்கள் பாக்கெட். கிழங்கை வேகவைத்து மசித்து, சூடான உருளையில் உலர்த்திய செதில்தான் ‘உலர்ந்த உருளைக்கிழங்கு’. அதை நீரும் ஸ்டார்ச்சும் சேர்த்துப் பிசைந்து, தகடாக்கிச் சுடுகிறார்கள், அல்லது வறுக்கிறார்கள். சுட்டால், எவ்வளவு எண்ணெய் சேர வேண்டும் என்பது தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. ஆனால் எண்ணெய் குறைந்தால் தகடு அட்டைபோல் விறைக்கும். அதைத் தவிர்த்துப் பொரபொரப்புத் தருவது ஸ்டார்ச். லெசித்தின் (உணவுச் சேர்மான எண் ஐஎன்எஸ் 322) மாவை இயந்திரத்தில் ஒட்டாமல் காத்து, இருக்கும் கொஞ்ச எண்ணெயைச் சீராகப் பரப்புகிறது. ஸ்டார்ச்சை உடைத்துச் செய்யும் தூளான மால்டோடெக்ஸ்ட்ரின் பெரும்பாலும் மசாலாத்தூளைச் சுமக்கும் பொருளாக வருகிறது. எண்ணெய்ப் பசை இல்லாத சிப்ஸில் மசாலா நிற்காமல் பாக்கெட் அடியில் சேரும் என்பதால், தூவுமுன் மெல்லிய எண்ணெய்த் தெளிப்பும் தேவைப்படும். இந்தச் சேர்மானங்களைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒன்று மட்டும்: மால்டோடெக்ஸ்ட்ரின் குளுக்கோஸாக வேகமாக மாறும். நீரிழிவு உள்ளவர்கள் அதைச் சர்க்கரைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எடை விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சாதாரண சிப்ஸ் 100 கிராமில் கொழுப்பு சுமார் 35 கிராம், ஆற்றல் 540 கலோரி என்று வையுங்கள். கொழுப்பை 30% குறைத்தால் 24.5 கிராம். குறைந்த 10.5 கிராமின் இடத்தில் மாவுச்சத்து வந்து உட்காரும். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்து 4. ஆக மொத்தம் சுமார் 490 கலோரி. கொழுப்பில் 30% போனாலும் கலோரியில் போனது 10 சதவீதத்துக்கும் குறைவு. 30 கிராம் சாப்பிட்டால் மிச்சம் 15 கலோரி. இரண்டு சிப்ஸ் கூடுதலாகத் தின்றால் அதுவும் சரியாகிவிடும்.

‘குறைவு’ என்ற சொல்லுக்கும் பொருள் உண்டு. சர்வதேச உணவுத் தர விதிகளான கோடெக்ஸின் வழிகாட்டுதலின்படி ஒப்பிடும் பொருளைவிடக் குறைந்தது 25% வேறுபாடு இருக்க வேண்டும். ‘குறைந்த கொழுப்பு’ என்பது வேறு: திட உணவில் 100 கிராமுக்கு 3 கிராமுக்கு மேல் கூடாது. உங்கள் சிப்ஸ் அதன் அருகில்கூட வராது.

கடையில் ஒப்பிடும்போது ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற எண்ணை விட்டுவிட்டு 100 கிராமுக்கான கொழுப்பு, கலோரி, சோடியம் மூன்றையும் பாருங்கள். கொழுப்பு தந்த சுவையை ஈடுகட்ட உப்பு கூடியிருக்கலாம். சுட்டது என்பதால் அக்ரிலமைடு (உடலுக்குக் கேடு தரக்கூடும் என்று கருதப்படும் வேதிப்பொருள்) குறைவு என்றும் எண்ண வேண்டாம். கிழங்கிலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சேரும்போது அது உண்டாகிறது, எண்ணெயில் வறுக்காமல் சுட்டாலும் உண்டாகும். இரு வகையிலும் ஆழ்ந்த பழுப்பான துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள்.