மெஷின் லேர்னிங் லைப்ரரிக்கு சி இன்டர்ஃபேஸ்: மெமரி யாருடையது? (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, எங்கள் லைப்ரரி முழுக்க சி++. அதைப் பைத்தானோடு இணைக்க பைபைண்ட்11 இருக்கிறதே, தனியாக ஒரு சி இன்டர்ஃபேஸ் எதற்கு?

பதில்: பைத்தான் மட்டும் என்றால் அதுவே போதும், தம்பி. நாளைக்கு ஆர், ஜூலியா, கோ, ரஸ்ட் என்று ஆளாளுக்குக் கேட்டு வருவார்கள். இவை எல்லாவற்றுக்கும் கூப்பிடத் தெரிந்தது சி ஃபங்ஷனை. எக்ஸ்ஜிபூஸ்ட் என்ற மெஷின் லேர்னிங் லைப்ரரியும் உள்ளே சி++தான். ஆனால் அதன் பைத்தான் பேக்கேஜே சி இன்டர்ஃபேஸை சிடைப்ஸ் (பைத்தானிலிருந்து சி ஃபங்ஷனைக் கூப்பிடும் மாட்யூல்) வழியாகத்தான் கூப்பிடுகிறது.

கேள்வி: மாடல் ஸ்ட்ரக்டை அப்படியே ஹெடரில் வைத்துவிடலாமா?

பதில்: வைக்காதீர்கள். அடுத்த வெர்ஷனில் ஒரு ஃபீல்டு சேர்த்தாலே அதன் அளவு மாறும். பழைய ஹெடரை வைத்து கம்பைல் செய்த புரோகிராம்கள் தப்பான இடத்தில் படிக்கும். ஹெடரில் ஸ்ட்ரக்டின் பெயர் மட்டும் இருக்கட்டும், வெளியே பாயின்டரைக் கொடுங்கள். எல்லாவற்றையும் வாய்ட் பாயின்டராக ஆக்கிவிடவும் வேண்டாம். டேட்டாவுக்கு ஒரு டைப், மாடலுக்கு ஒரு டைப் இருந்தால், இடம் மாற்றிக் கொடுத்ததை கம்பைலரே பிடித்துவிடும்.

கேள்வி: சார், பிரெடிக்ட் ஃபங்ஷன் உள்ளே மாலக் செய்து (மெமரி வாங்கி) விடைகளைத் தருகிறோம், பயன்படுத்துபவர் ஃப்ரீ செய்கிறார் (மெமரியை விடுவிக்கிறார்). லினக்ஸில் ஓடுகிறது, விண்டோஸில் கிராஷ் ஆகிறது. ஏன்?

பதில்: விண்டோஸில் உங்கள் டிஎல்எல்லும் அவருடைய புரோகிராமும் வெவ்வேறு சி ரன்டைமோடு லிங்க் ஆகியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி ஹீப் (மெமரி வாங்கும் இடம்). ஒன்றில் வாங்கியதை இன்னொன்றில் திருப்பிக் கொடுக்க முடியாது. வாங்கியவரே விடுவிக்க வேண்டும். அதற்கு நீங்களே ஒரு ஃப்ரீ ஃபங்ஷன் தரலாம். அல்லது எக்ஸ்ஜிபூஸ்டின் பிரெடிக்ட் போல விடைகளை உள்ளேயே வைத்துக்கொண்டு பாயின்டரை மட்டும் தரலாம்; ஆனால் அடுத்த பிரெடிக்ட் வந்தால் பழைய விடை போய்விடும், கையோடு நகலெடுக்க வேண்டும். எனக்குப் பிடித்த வழி வேறு: பஃபரையும் அதன் அளவையும் கூப்பிடுபவரே கொடுக்கட்டும். எத்தனை வரிசை, எத்தனை கிளாஸ் என்பது அவருக்கு முன்பே தெரியும்தானே?

உள்ளே வரும் டேட்டாவுக்கும் இதே கேள்வி உண்டு. அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். லிப்எஸ்விஎம் என்ற மெஷின் லேர்னிங் லைப்ரரியில் டிரெய்ன் செய்து கிடைக்கும் மாடல், சப்போர்ட் வெக்டர்களை (விடையைத் தீர்மானிக்கும் டேட்டா வரிசைகளை) நகலெடுத்து வைப்பதில்லை. நீங்கள் கொடுத்த டேட்டாவுக்கே பாயின்டர் வைத்திருக்கிறது. மாடல் இருக்கும்வரை டேட்டாவை ஃப்ரீ செய்யாதே என்று அதன் ரீட்மீயிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைப் படிக்காமல், டிரெய்னிங் முடிந்த கையோடு நான் ஃப்ரீ செய்தேன். கிராஷ் இல்லை. சின்ன டேட்டாவில் விடை சரியாகவே வந்தது, பெரியதில் துல்லியம் சரிந்தது. மாடலில்தான் தப்பு என்று நினைத்து, ஒரு மாலை முழுக்க அதன் காமா என்ற அமைப்பின் மதிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். மாடலை ஃபைலில் சேமித்து, திரும்ப லோட் செய்து பார்த்தால் சரி! சேமித்தது ஃப்ரீ செய்வதற்கு முன்னால். ஃபைலிலிருந்து லோட் செய்த மாடலுக்கு சொந்த நகல் உண்டு. அன்றிலிருந்து ஹெடரில் ஒவ்வொரு பாயின்டருக்கும் மேலே இரண்டு விஷயம் எழுதுகிறேன்: யாருடையது, எதுவரை செல்லும்.

கேள்வி: எக்ஸெப்ஷன்களை என்ன செய்வது?

பதில்: ஒன்றுகூட வெளியே வரக்கூடாது. ஒவ்வொரு ஃபங்ஷனிலும் எல்லாவற்றையும் கேட்ச் செய்து, சரி என்றால் 0, தப்பு என்றால் -1 திருப்புங்கள். பிழைச் செய்தியை த்ரெட்டுக்கு ஒன்றாக வைத்து, கேட்டால் கொடுங்கள். புரோகிராமையே நிறுத்திவிடும் எக்ஸிட், அபார்ட் இரண்டையும் தொடவே வேண்டாம். ஜூப்பிட்டர் நோட்புக்கில் மூன்று மணி நேரம் தயார் செய்த டேட்டாவோடு உட்கார்ந்திருப்பவரின் புரோசஸைக் கொல்ல நமக்கு உரிமை இல்லை.

கேள்வி: வரிசை எண்ணிக்கைக்கு இன்ட் போதாதா?

பதில்: 50,000 வரிசை, 50,000 நிரல் என்றால் 250 கோடி உறுப்புகள். 32 பிட் இன்ட் சுமார் 214 கோடியோடு நின்றுவிடும். 64 பிட் எடுங்கள். கூடவே, உறுப்புகள் மெமரியில் இருப்பது வரிசைவாரியா நிரல்வாரியா என்பதையும் கேட்டு வாங்குங்கள். சிபிளாஸ் என்ற கணித லைப்ரரி இன்டர்ஃபேஸின் மேட்ரிக்ஸ் ஃபங்ஷன்களில் அதுதான் முதல் ஆர்க்யுமென்ட். ஆர் மொழி மேட்ரிக்ஸ் நிரல்வாரியாக வரும்.

கேள்வி: அண்ணா, சிடைப்ஸில் மாடலை உருவாக்கும் ஃபங்ஷன் பாயின்டரைத் திருப்புகிறது. அதை அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் செக்மென்டேஷன் ஃபால்ட்.

பதில்: ரெஸ்டைப் (ஃபங்ஷன் திருப்புவது என்ன டைப் என்பது) சொல்லவில்லை, அதுதான். சொல்லாவிட்டால் சிடைப்ஸ் இன்ட் என்று எடுத்துக்கொள்ளும். 64 பிட் முகவரியில் பாதி வெட்டுப்படும். மாடல் பாயின்டரை ரிட்டர்னாகத் தராமல் அவுட் பாராமீட்டராகத் தந்தால் இந்தச் சிக்கலே வராது.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் ஒருவருக்கு நாங்கள் அனுப்பிய மாடல் ஃபைலில் 0.75 என்பது 0 ஆகிவிடுகிறது!

பதில்: அவருடைய புரோகிராம் ஜெர்மன் லொகேலில் (மொழி, நாட்டு வழக்கத்துக்கான அமைப்பில்) ஓடுகிறது. அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி. ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும் சி ஃபங்ஷன் புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். லிப்எஸ்விஎம் சேமிக்கும்போதும் லோட் செய்யும்போதும் லொகேலை மாற்றிவிட்டுப் பிறகு பழையபடி வைக்கிறது. ஆனால் லொகேல் மொத்த புரோசஸுக்கும் பொது, பக்கத்து த்ரெட்டும் அந்த நேரத்தில் பாதிக்கப்படும். உங்களிடம் சி++17 இருந்தால் எண்ணாக்குவதற்கு ஃப்ரம்_கேர்ஸ் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள்; அது லொகேலைப் பார்ப்பதே இல்லை. எழுதும்போது டபிளுக்கு 17 இலக்கம் எழுதுங்கள், படிக்கும்போது அதே எண் திரும்பக் கிடைக்கும்.