டீசல் வண்டியில் போல்ட் மரை போய்க் கூலண்ட் கசிகிறது, ஹெட்டையே (என்ஜினின் மேல்பாகம்) மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். என் பழைய டீசல் ஜீப்பிலும் இதே கதைதான்.

பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வெப்பமானி முள் ஏறியது. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால் வெல்லப்பாகு போல ஒரு வாசம். தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்கு (கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் கூடு) கீழே பச்சையாக ஒரு கோடு. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரில் வெறும் தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி பிடித்துவைக்கும் அழுத்தம்தான் கூலண்டைக் கொதிக்காமல் காக்கிறது. கசிந்தால் அதுவும் போச்சு.

முந்தைய சர்வீஸில் கசிவை நிறுத்த ஒரு பையன் போல்ட்டை மேலும் மேலும் இறுக்கியிருக்கிறான். ஹவுசிங் உட்காரும் ஹெட் அலுமினியம், போல்ட் இரும்பு. கழற்றியபோது மரை சுருள் கம்பியாக போல்ட்டோடு வந்தது. எனக்கும் கிட்டத்தட்ட மரை கழண்ட நிலைதான்.

கலாசிபாளையம் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் வேலூர்க்காரரிடம் போனேன். "எம்சீல் வச்சுடலாமாண்ணே?" என்றேன். "அது தண்ணித் தொட்டிக்குத் தம்பி."

அவர் போட்டது ஹெலிகாயில், அதாவது ஸ்டீல் சுருள் மரை. என்னுடையது 8 மி.மீ. போல்ட், 1.25 பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம், மி.மீ.). அதற்கு 8.3 மி.மீ. டிரில், பிறகு ஹெலிகாயிலுக்கென்றே வரும் டேப், அதாவது மரை வெட்டும் கருவி. சாதாரண டேப் ஆகாது. துகள் உள்ளே விழாமலிருக்க டேப்பின் பள்ளத்தில் கிரீஸ் அப்பினார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. கை கனக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பவர் மாதிரி நிற்பார். சுருளை மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கி, அடியிலிருக்கும் வாலை ஒரு தட்டில் உடைத்து எடுத்தார். அலுமினியத்தில் இது பழைய மரையைவிடப் பலமாகவே நிற்கும்.

அப்புறம்தான் முதல் கசிவுக்கே காரணம் தெரிந்தது. பழைய பேக்கிங்கைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதியதை வைத்திருந்தார்கள்! சுத்தம் செய்து, புதுப் பேக்கிங் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்கினோம். கூலண்டில் போர்வெல் தண்ணீர் கலக்காதீர்கள், உப்பு படியும். டிஸ்டில்ட் வாட்டர் கலந்தால் போதும்.

ஒன்று மட்டும்: ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் இது ஹவுசிங் கசிவு இல்லை. ஹெட்டுக்கு அடியிலிருக்கும் கேஸ்கெட் (பேக்கிங்) போயிருக்கலாம், அல்லது ஹெட்டில் வெடிப்பு இருக்கலாம். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போங்கள்.